கவிழ்த்து வைக்காத ஜாடி

அம்மாடி,

நீ ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியதிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. பன்றிக்காய்ச்சலோடு வருகிற கர்ப்பிணிகளுக்கென்று தனி வார்டு போட்டிருக்கிறார்கள், நாளையிலிருந்து எனக்கு அங்கேதான் டூட்டி என்று, ஏதோ பக்கத்துத் தெருவுக்கு வீடு மாறுகிற மாதிரி சொன்னாய். நான் வழக்கம் போலக் கத்தினேன். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு முதல் ரயிலைப் பிடித்து விருத்தாசலம் வந்து சேர் என்றேன். நீ, "அப்பா, அந்த வருஷமும் இதையேதான் சொன்னீங்க" என்றாய். போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். அன்றைக்குச் சொல்ல முடியாததைத்தான் இப்போது எழுதுகிறேன். நான் கடிதம் எழுதிப் பழகியவன் இல்லை, நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை மணவாளநல்லூர் கோயிலில் அஞ்சலையின் பையனுக்குக் காது குத்து. நம் பீங்கான் கம்பெனியில் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுகிற அதே அஞ்சலைதான். பையன் கொளஞ்சிக்கு இப்போது மூன்று வயது. அவளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது என்பது உனக்குத் தெரியும். போன வாரம் வேலை முடிந்து, கையில் இருந்த களிமண்ணைக் கழுவிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். "மொதலாளி, மாமன் மடியில ஒக்கார வெச்சுதான் காது குத்தணும். எனக்கு யாரு இருக்காங்க? நீங்கதான் அண்ணன் மொறையில மடி குடுக்கணும். நீங்களும் அக்காவும் இல்லன்னா எம்புள்ள ஏது?" என்றாள். அக்கா என்றது உன்னைத்தான். கிழவன் மடி குத்தும் என்று பையன் அழப்போகிறான் என்று ஏதோ கிண்டல் செய்து அவளை அனுப்பிவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள். நான் அந்த நாற்காலியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அந்தச் சிக்குன்குனியா வருஷத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ ஆஸ்பத்திரிக்குள் இருந்தாய், நான் வெளியே இருந்தேன். ஊரே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும், ஓட்ட ஆள் இருக்காது. நம் கம்பெனியில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் அச்சைத் தூக்க முடியாமல் இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள். காய்ச்சலோடு வந்த கர்ப்பிணிகளைப் பிரசவம் பார்க்கிற தனியார் இடங்களில் சேர்க்க மறுத்தார்கள். வாசலிலேயே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்களெல்லாம் கடைசியில் நீ வேலை பார்த்த அந்தச் சின்ன அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார்கள். உன்னோடு வேலை பார்த்த நர்சுகள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். பிறகு உனக்கும் வந்தது. காய்ச்சல் விட்ட மறுநாளே நீ கிளம்பினாய். சேலை முந்தானையில் ஊக்குக் குத்த விரல் மடங்கவில்லை, உன் அம்மாதான் குத்திவிட்டாள். அன்றைக்கும் நான் கத்தினேன். கல்யாணமாக வேண்டிய பெண், ஊர் நோயையெல்லாம் இழுத்து வந்து வீட்டில் விடுகிறாள் என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினாய்.

அந்த வாரத்தில் நீ என்னிடம் இரண்டு விஷயம் கேட்டாய். ஒன்று, நம் சரக்கு வேன். வலி எடுத்த பெண்களைக் கூட்டி வர வண்டி இல்லை, கோப்பை ஏற்றுகிற வண்டியைக் கொடுங்கள் என்றாய். இரண்டாவது, சூளைக்குப் பின்னால் கிடந்த செகண்ட்ஸ். விரிசல் விட்டது, கோணியது, மெருகு பிடிக்காதது என்று எத்தனை வருஷமாகச் சேர்ந்த கோப்பையும் ஊறுகாய் ஜாடியும் அங்கே மலை போலக் கிடந்தன. "அப்பா, மழைத்தண்ணி அத்தனையிலயும் நிக்குது. இந்தக் கொசு சாக்கடையில வளராது, இந்த மாதிரி நல்ல தண்ணியிலதான் வளரும். கொட்டிட்டு எல்லாத்தையும் கவுத்து வெச்சிடுங்க" என்றாய். இரண்டுக்கும் சரி என்றேன். முதலில் கேட்டதைச் செய்தேன். அதைச் செய்ததை ஊர் பார்த்தது. இரண்டாவதைச் செய்யாததை யாரும் பார்க்கவில்லை.

ஏன் செய்யவில்லை என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். கார்த்திகை விளக்கு ஆர்டர் தலைக்கு மேல் இருந்தது, ஆள் இல்லை, இருக்கிற நாலு பேரையும் கழிசலைக் கவிழ்க்க விட்டால் சூளைக்கு யார் அடுக்குவது என்று நினைத்தேன். அதுவும் உண்மைதான். அதற்கும் அடியில் ஒன்று இருந்தது. நம் வகையறாவில் சுட்டெடுத்த பாண்டத்தை வாய் கீழே இருக்கும்படி வைக்க மாட்டார்கள். சக்கரத்தில் பானை வனைந்த காலத்துப் பழக்கம் அது. சிறுவயதில் நான் ஒரு சட்டியை அப்படி வைத்ததற்கு என் அப்பா கையில் இருந்த மட்டப்பலகையாலேயே அடித்தார். சாவு விழுந்த வீட்டில்தான் அப்படி வைப்பார்கள் என்பார். சக்கரம் போய் அச்சு வந்து, மண் சட்டி போய்ப் பீங்கான் வந்து, நானும் முதலாளி என்று பெயர் எடுத்து, கடைசியில் அந்த அடியை மட்டும் மறக்கவில்லை. ஆர்டர் நேரத்தில் கம்பெனியிலிருந்த அத்தனை ஜாடியையும் கவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. படித்த பெண்ணிடம் இதைச் சொன்னால் சிரிப்பாளே என்று, "ஆளு விட்டிருக்கேன்மா, முடிஞ்சிடும்" என்றேன். கொசு ஒழிப்புக்காரர்கள் வந்தபோது அறையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, "பின்னால எல்லாம் கொட்டியாச்சி சார்" என்றேன். வெயிலில் அலைந்து களைத்தவர்கள், நம்பிவிட்டுப் போனார்கள்.

கைப்பிடி ஒட்டுகிற கொட்டகை அந்தக் குவியலை ஒட்டித்தான் இருந்தது. அஞ்சலை அப்போது நிறை மாதம். "மொதலாளி, பட்டப்பகல்லயே கொசு புடுங்குது, கால வெக்க முடியல" என்றாள் ஒருநாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மகாராணிக்குக் கொசுவல கட்டி, விசிறிவிட ரெண்டு ஆளு போடட்டுமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அவளுக்கு வளைகாப்பு நடந்தபோது நான் கொடுத்த பரிசையும் நீ பார்த்திருக்கிறாய்: அந்தக் குவியலில் இருந்து பொறுக்கியெடுத்த இரண்டு ஊறுகாய் ஜாடி, விரிசல் பக்கம் தெரியாமல் மஞ்சள் துணி சுற்றியது. கம்பெனி முதலாளி வீட்டுக்கே வந்து கொடுத்தாரே என்று அவள் மாமியார் தெரு முழுக்கக் காட்டினாள். ஒன்றில் உப்பு போட்டு வைத்தார்கள். இன்னொன்றில் ஊறுகாய் போட்டால் கழுத்து விரிசலில் எண்ணெய் கசிந்தது, அதனால் வீட்டுக்குப் பின்னால் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போட்டுவிட்டார்கள்.

அவளுக்குக் காய்ச்சல் கண்டு, கூடவே வலியும் எடுத்த அன்று வேனை நான்தான் ஓட்டினேன். கோப்பை உடையாமல் இருக்க விரித்திருந்த வைக்கோலைத் தள்ளிவிட்டு மெத்தை போட்டிருந்தோம். வண்டி குலுங்கினால் அவள் வயிற்று வலியைவிட மணிக்கட்டு வலிக்குத்தான் அதிகமாக அலறினாள். உன் வார்டுக்குள் அன்றுதான் முதல்முறையாக எட்டிப் பார்த்தேன். கட்டிலுக்குக் கட்டில் கொசுவலை. நம் வீட்டுக் கல்யாணத்துக்கென்று உன் அம்மா வாங்கி வைத்திருந்த புது வலைகூட அங்கே தொங்கியது. ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை அடித்திருந்தாய். காய்ச்சல்காரி என்று யாரையும் ஒதுக்காமல், ஆனால் மற்றவர்களுக்குப் பரவாமல், ஒவ்வொருத்தியும் வலைக்குள் இருந்தாள். உன் விரல்கள் அதிரசம் மாதிரி வீங்கியிருந்தன. அந்தக் கையால் நீ அவள் இடுப்பை நீவிவிட்டுக்கொண்டு, "கத்தணும்னா கத்து அஞ்சல, யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க" என்றாய். எனக்குத் தெரிந்து பிரசவ வார்டில் பெண்களைக் கத்தாதே என்று திட்டுவார்கள். கத்து என்று சொல்லிக் கேட்டது அன்றுதான்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அஞ்சலையால் அதைத் தூக்க முடியவில்லை. பெற்றவளுக்குப் பிள்ளையை ஏந்தக் கை மடங்கவில்லை என்றால் எப்படி இருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. நீ அவள் சேலையையே தோளோடு சேர்த்துத் தூளி மாதிரி கட்டி, குழந்தையை அவள் மார்பிலேயே கிடத்தினாய். ஒவ்வொரு முறையும் பால் குடிக்கிறவரை குழந்தையின் தலையை நீயே தாங்கி நின்றாய். அப்படி இருந்தும் சில நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. மூக்கைச் சுற்றிக் கறுத்தது, பால் இறங்கவில்லை, கண் மேலே செருகி வலிப்பு வெட்டியது. பாண்டிச்சேரிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். அன்றைக்கும் அதே வேன்தான். நீ குழந்தையைச் சட்டைக்குள் வைத்தது போல அஞ்சலையின் நெஞ்சோடு ஒட்டிக் கட்டிவிட்டு, பாலாடையில் பால் பிழிந்து வைத்துக்கொண்டு, வழி முழுக்க அதன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தபடியே வந்தாய். "அப்பா, வேகமா போங்க. அப்பா, மெதுவா போங்க" என்று மாற்றி மாற்றிச் சொன்னாய். முதல்முறையாக நீ சொன்னபடியெல்லாம் கேட்டேன். பிள்ளை பிழைத்தது. உன்னால்தான் பிழைத்தது, இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் எழுத முடியாதது. ஆஸ்பத்திரியில் இருந்து அஞ்சலையையும் பிள்ளையையும் நான்தான் வீட்டில் கொண்டு வந்து இறக்கினேன். நீ டூட்டிக்குப் போய்விட்டாய், அதனால் அங்கே நடந்தது உனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்துக் கொசு ஒழிப்புக்காரர்கள் அவர்கள் தெருவில் இருந்தார்கள். கோழிக்கு வைத்த ஜாடியை ஒருவர் வாசலுக்கு எடுத்து வந்து, டார்ச் அடித்து, நெளிகிற புழுவைக் கூடியிருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். மேற்பார்வை பார்க்க வந்தவர் அஞ்சலையிடம், "ஏம்மா, வூட்டுலயே வளத்து நீயே ஒம்புள்ளைக்குக் குடுத்திருக்கியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்றார். பச்சைப் பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்துச் சொன்னார். மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். அஞ்சலை அந்த மடங்காத கையால் ஜாடியைத் தள்ளி உடைத்தாள். அது என் ஜாடி. என் அச்சு, என் சூளை, நான் மறைத்துக் கொடுத்த விரிசல். நான் வேன் டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் வியாபாரிகள் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போட்டார்கள். காய்ச்சல் காலத்தில் கர்ப்பிணிகளுக்காகத் தன் வாகனத்தையே கொடுத்த வள்ளல் என்று மைக்கில் சொன்னார்கள். உன்னையும் மேடைக்கு அழைத்தார்கள், நீ வரவில்லை, பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாய். கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே கம்பெனிக்கு, சூளைக்குப் பின்னால் போனாய். நான் பொன்னாடையோடு உன் பின்னாலேயே வந்தேன். ஒரு ஜாடியைச் சரித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, தண்ணி இன்னும் இருக்குது" என்றாய். திட்டவில்லை, அழவில்லை. ஒவ்வொன்றாகக் கவிழ்க்க ஆரம்பித்தாய், அந்த விரலை வைத்துக்கொண்டு. நான் உதவிக்கு வராமல் உள்ளே போய்விட்டேன். மறுநாள் ஆள் விட்டு எல்லாவற்றையும் உடைத்துப் பள்ளத்தில் கொட்டினேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். நீ சென்னைக்கு மாற்றல் கேட்டுப் போனாய். ஏன் கேட்டாய் என்று உன் அம்மா இன்றுவரை என்னைத்தான் கேட்கிறாள்.

எந்த ஜாடியில் வளர்ந்த கொசு கடித்தது என்று யார் கண்டது, ஊர் முழுக்கத்தானே இருந்தது என்று நீ சொல்லலாம். மூன்று வருஷமாக அந்த வக்கீல் வேலையை எனக்கு நானே பார்த்திருக்கிறேன். எடுபடவில்லை. கொளஞ்சி லேட்டாகத்தான் நடந்தான். இன்னும் நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. போகப் போகச் சரியாகும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அஞ்சலை என்ன செய்கிறாள் தெரியுமா? குடித்த டம்ளரைக்கூட உடனே கவிழ்த்து வைக்கிறாள். கம்பெனியில் சாப்பாட்டு நேரம் முடிந்தால் எல்லோருடைய தூக்குச் சட்டியையும் அவளே போய்க் கவிழ்க்கிறாள். மற்ற பெண்கள் கவுத்துப்போடுற அஞ்சலை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பையன் தண்ணீரைத் தொட்டால் கையில் அடிக்கிறாள். தண்ணீரில் விளையாடாத மூன்று வயதுப் பிள்ளையை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? நானும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏதோ அவள் சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா வெள்ளிக்கிழமைக்கு என் பட்டு வேட்டியைத் தேடி எடுத்து வைத்ததைப் பார்த்தபோது, இதைக் கட்டிக்கொண்டு அந்தப் பிள்ளையை மடியில் வாங்க முடியாது என்று தோன்றிவிட்டது. அஞ்சலை நாற்காலி எடுத்துப் போட்டாள். உட்காராமலே சொன்னேன். குவியலைச் சொன்னேன், நீ கவிழ்க்கச் சொன்னதைச் சொன்னேன், டீ வாங்கிக் கொடுத்து ஏமாற்றியதைச் சொன்னேன், ஜாடி எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னேன், அன்று டயரைப் பார்த்துக்கொண்டு நின்றதைச் சொன்னேன். அவள் மண்ணை வாரித் தூற்றுவாள், புருஷனைக் கூப்பிடுவாள், வேலைக்கு வரமாட்டேன் என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப நான் இல்லியா மொதலாளி?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. "எம்புள்ளைக்கு நான் குடுக்கலியா?" என்றாள் திரும்ப. இல்லம்மா, நீ இல்ல என்றேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். அது என் மேல் இருந்த கோபம் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால் என்னால் நிமிர்ந்து நின்றிருக்க முடியும். மூன்று வருஷம், அம்மாடி. என் கண்ணெதிரே, என் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு, என் பழியை அவள் சுமந்திருக்கிறாள். நானோ சாயங்காலமானால் அவள் வைக்கிற வணக்கத்தை வாங்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மடியப் பத்தி அவரு வந்ததும் கேட்டு சொல்றேன்" என்றாள். போயிட்டு வாங்க என்று அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உன் வார்டுக்குக் காய்ச்சலோடு ஒருத்தி வருவாள். முகமூடி போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவாள். எங்கே போனாய், யாரைத் தொட்டாய், ஏன் கூட்டத்துக்குப் போனாய் என்று ஆளுக்கு ஆள் கேட்பார்கள். டாக்டருக்குத் தேவையென்றால் கேட்கட்டும். நீ மட்டும் அவளுக்கு ஊசி போடுவதற்கு முன்னால், கையைப் பிடித்துக்கொண்டு, இது உன்னால் வந்தது இல்லை என்று சொல்லிவிடு. நீ ஏற்கெனவே அப்படிச் சொல்கிறவளாகத்தான் இருப்பாய். இருந்தாலும் எனக்காக இன்னும் ஒருமுறை சொல். அந்த ஒரு வார்த்தை அஞ்சலைக்கு மூன்று வருஷம் கிடைக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான்தான். வேலையை விட்டுவிட்டு வா என்று இனி சொல்ல மாட்டேன். முகமூடியை ஒழுங்காகக் கட்டு, நேரத்துக்குச் சாப்பிடு, அவ்வளவுதான். லீவு கிடைத்தால் வெள்ளிக்கிழமை வா. மடி யாருடையதாக இருந்தாலும் நீ அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவள். எனக்கு எங்கே இடம் என்பதை அவர்கள் சொல்லட்டும். பட்டு வேட்டியைத் திரும்பப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டேன்.

இன்று காலையில் கம்பெனிக்குப் போகும்போது அவர்கள் தெரு வழியாகத்தான் போனேன். அஞ்சலை வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்து கூட்டினாள். படியில் கொளஞ்சி சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஒரு வாளித் தண்ணீர், கையில் ஒரு பீங்கான் கோப்பை, கைப்பிடி போன செகண்ட்ஸ். மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, எனக்குக் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான். அவள் அடிக்கவில்லை. துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு, "ஆடு, ஆடு. ஆடி முடிச்சதும் கவுத்து வெச்சிடணும், என்ன?" என்றாள்.

அன்புள்ள,
அப்பா